லினக்ஸில் டிவி ட்யூனர் கார்டு: பெட்டியின் பெயரை விடுங்கள், சிப்பைப் பாருங்கள்

டிவி ட்யூனர் கார்டைச் செருகியதும் படம் வந்துவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. வராதபோது பலரும் செய்வது ஒன்றுதான். பெட்டிமேல் போட்டிருக்கும் மாடல் பெயரை இணையத்தில் தேடி, அதற்கு லினக்ஸ் டிரைவர் எங்கே கிடைக்கும் என்று அலைவார்கள். விண்டோஸில் அது சரியான வழி. லினக்ஸில் அப்படித் தேடி நாளைப் போக்க வேண்டாம். பெரும்பாலான கார்டுகளுக்கான டிரைவர் ஏற்கெனவே, லினக்ஸின் மையப் புரோகிராமான கர்னலோடு, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கர்னலுக்குப் பெட்டியின் பெயர் ஒரு பொருட்டே இல்லை. உள்ளே என்ன சிப் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த டிரைவரை எழுப்புவது என்று முடிவு செய்கிறது. ஒரே பெயரில், ஒரே பெட்டியில், அடுத்த வருடம் வேறு சிப்போடு கார்டு வருவதும் உண்டு.

அதனால் "இந்தக் கார்டு லினக்ஸில் வேலை செய்யுமா?" என்ற கேள்வியை "இந்தக் கார்டில் என்னென்ன சிப் இருக்கிறது, அதில் எது வரைக்கும் லினக்ஸுக்குத் தெரிகிறது?" என்று மாற்றிக் கேட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதியைத்தான் கீழே விளக்குகிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு: கட்டளைகளை எல்லாம் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள்.

கார்டுக்குள் யார் யார்

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கார்டு. உள்ளே குறைந்தது மூன்று பேர் வேலை செய்கிறார்கள்.

முதலாவது, ட்யூனர். ஆன்டெனா வயரில் எல்லாச் சேனல்களும் ஒன்றாகத்தான் வந்து சேரும். அதில் நீங்கள் கேட்கும் ஓர் அலைவரிசையை மட்டும் பிடித்து, அதைக் கையாளச் சுலபமான வேறோர் அலைவரிசைக்கு மாற்றித் தருவது ட்யூனரின் வேலை. பழைய பிசிஐ கார்டுகளில் ஆன்டெனா செருகும் இடத்தில் ஒரு தகரப் பெட்டி இருக்குமே, அதுதான். புதியவற்றில் நகத்தைவிடச் சின்னச் சிப்பாகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது ஆளின் வேலை, வருவது அனலாகா டிஜிட்டலா என்பதைப் பொறுத்தது. அனலாக் என்றால் ஒரு வீடியோ டிகோடர் அலையை அளந்து படப்புள்ளிகளாக்கும். டிஜிட்டல் என்றால் டீமாடுலேட்டர். அலையில் ஏற்றியிருக்கும் பிட்டுகளை மீட்டு, வழியில் சிதைந்தவற்றைத் திருத்தி, சுத்தமான தரவாகக் கொடுக்கும்.

மூன்றாவது, பிரிட்ஜ். கிடைத்த தரவை பிசிஐ வழியாகவோ யுஎஸ்பி வழியாகவோ கம்ப்யூட்டருக்குள் தள்ளுவது இது. மற்ற இரண்டுக்கும் கட்டளை கொடுப்பதும் இதன் வழியாகத்தான். ஐ2சி என்ற இரண்டே கம்பி கொண்ட ஒரு பாதையில் "இந்த அலைவரிசைக்குப் போ", "இந்த முறையில் பிரி" என்று கர்னல் சொல்வதை பிரிட்ஜ் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்த வரிசை முக்கியம். கர்னல் முதலில் பார்ப்பது பிரிட்ஜை. அதன் டிரைவர் எழுந்து, ஐ2சி பாதையில் குரல் கொடுத்து டீமாடுலேட்டரைத் தேடும், அப்புறம் ட்யூனரை. மூன்றும் கிடைத்தால்தான் கார்டு முழுசாக உயிர்பெறும். "கார்டு தெரிகிறது, ஆனால் வேலை செய்யவில்லை" என்று வரும் புலம்பல்களில் பெரும்பாலானவற்றில் பிரிட்ஜ் மட்டும் எழுந்திருக்கும், மற்றவை எழுந்திருக்காது.

கர்னல் என்ன சொல்கிறது

பிசிஐ கார்டு என்றால் 'எல்எஸ்பிசிஐ -என்என்', யுஎஸ்பி ஸ்டிக் என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி'. இரண்டுமே ஒவ்வொரு சாதனத்துக்கும் நான்கு, நான்கு இலக்கமாக ஓர் அடையாள எண்ணைக் காட்டும். உதாரணமாக 1131:7134 என்று வந்தால், 1131 என்பது பிலிப்ஸ், 7134 என்பது அவர்களின் எஸ்ஏஏ7134 சிப். இந்த எண்ணை வைத்துத் தேடுங்கள். மாடல் பெயரை வைத்துத் தேடினால் கடைக்காரர்களின் விளம்பரம் வரும். எண்ணை வைத்துத் தேடினால் லினக்ஸ்டிவி விக்கிப் பக்கமும் அதே சிப்போடு போராடியவர்களின் அனுபவமும் வரும்.

அடுத்தது கர்னலின் நாட்குறிப்பு. 'டிமெஸ்ஜி' என்பது கட்டளை: டி, எம், இ, எஸ், ஜி என ஐந்தே எழுத்து. பல லினக்ஸ்களில் முன்னால், நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டச் சொல்லும் 'சுடோ' சேர்க்க வேண்டியிருக்கும். யுஎஸ்பி ஸ்டிக் என்றால் செருகிய உடனே இதை அடித்து, கடைசி இருபது, முப்பது வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். அந்தப் பொறுமை இல்லாமல் மன்றங்களில் கிடைக்கும் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிப் பார்ப்பதுதான் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம்.

டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு முறைக்கான ஸ்டிக்குகள் பலவற்றில் இருக்கும் எஸ்ஐ2168 என்ற டீமாடுலேட்டரை எடுத்துக்கொள்வோம். எல்லாம் சரியென்றால், அந்தச் சிப்பை அடையாளம் கண்டுவிட்டதாக ஒரு வரி, எஸ்ஐ2157 ட்யூனரை இணைத்துவிட்டதாக ஒரு வரி, 'அடாப்டர் 0, ஃப்ரன்ட்எண்ட் 0' பதிவானதாக ஒரு வரி வரும். அத்தோடு டெவ் ஃபோல்டருக்குள் டிவிபி என்ற ஃபோல்டரும், அதற்குள் அடாப்டர்0 என்பதும் முளைத்திருக்கும். அதன் உள்ளே ஃப்ரன்ட்எண்ட்0, டீமக்ஸ்0, டிவிஆர்0 என்ற ஃபைல்கள். பார்க்க ஃபைல் மாதிரி இருந்தாலும் அவை கார்டின் வாசல்கள். அலைவரிசை மாற்றச் சொல்வது முதல் வாசலில், எந்தச் சேனல் வேண்டும் என்று பிரிக்கச் சொல்வது இரண்டாவதில், தரவை அள்ளுவது மூன்றாவதில்.

அனலாக் கார்டு என்றால் டிவிபி ஃபோல்டர் வராது. டெவ் ஃபோல்டரில் வீடியோ0 வரும். லேப்டாப்பில் வெப்கேமராவே வீடியோ0 என்ற பெயரை முதலில் பிடித்துக்கொள்ளும். டிவி பார்க்கத் திறந்தால் உங்கள் முகம் தெரிகிறது என்றால் கார்டில் கோளாறு இல்லை. 'வி4எல்2-சிடிஎல் --லிஸ்ட்-டிவைசஸ்' என்று கேட்டு, கார்டுக்கு எந்த எண் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.

வாசல் முளைத்தும் உள்ளே போக முடியவில்லை என்றால் அனுமதிப் பிரச்சினை. உங்கள் பயனர் பெயர் 'வீடியோ' என்ற குழுவில் இருக்க வேண்டும். 'சுடோ யூசர்மாட் -ஏஜி வீடியோ' என்று அடித்து, பக்கத்தில் உங்கள் பயனர் பெயரைச் சேர்த்து, ஒருமுறை லாக்அவுட் செய்துவிட்டு வந்தால் போதும். இந்த விருப்பத்தில் ஏ சிறிய எழுத்து, ஜி மட்டும் பெரிய எழுத்து. இதற்காக எல்லாவற்றையும் ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, ஓட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பாதியில் நிற்பதற்கு இரண்டு காரணங்கள்

பிரிட்ஜ் எழுந்து மற்றவை எழவில்லை என்றால், டிஜிட்டல் கார்டுகளில் முதல் சந்தேகம் ஃபர்ம்வேர்மேல். இந்தச் சிப்புகளில் பலவற்றுக்கு உள்ளே நிரந்தரமான புரோகிராம் கிடையாது. மின்சாரம் வந்த பிறகு கம்ப்யூட்டர்தான் அதை ஊட்ட வேண்டும். அந்தப் புரோகிராம் சிப் தயாரித்த நிறுவனத்தின் சொத்து; மூலநிரல் வெளியே இல்லை. அதனால் டிரைவர் கர்னலுக்குள் இருந்தாலும் ஃபர்ம்வேர் தனி ஃபைலாகத்தான் வரும். சில லினக்ஸ்கள் அதைத் தாமாகவே நிறுவும், சில நிறுவா.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எஸ்ஐ2168 போன்ற சிப்புகளில் ஃபர்ம்வேர் ஏறுவது ஸ்டிக்கைச் செருகும்போது இல்லை. முதல்முறை சேனல் தேடும்போது. செருகியதும் டிமெஸ்ஜி பார்த்தால் எல்லாம் சுகமாகத் தெரியும். ஸ்கேன் போட்டால் ஒன்றும் வராது. ஆன்டெனாவை மாடியில் திருப்பித் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். ஸ்கேன் போட்ட பிறகு இன்னொருமுறை டிமெஸ்ஜி அடித்தால்தான், இன்ன பெயருள்ள ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, எரர் -2 என்ற வரி கண்ணில் படும். அந்த -2 என்பது சிப் பழுது என்று சொல்லவில்லை. அந்தப் பெயரில் ஃபைலே இல்லை என்று மட்டும் சொல்கிறது. கேட்ட ஃபைலின் பெயரும் அதே வரியில் இருக்கும். உங்கள் லினக்ஸின் ஃபர்ம்வேர் பேக்கேஜில் அதைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் லிப்ரெலெக் திட்டத்தினர் கிட்ஹப்பில் வைத்திருக்கும் டிவிபி-ஃபர்ம்வேர் தொகுப்பில் பாருங்கள். கிடைத்ததைப் பெயர் மாற்றாமல் லிப் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் போட்டு, ஸ்டிக்கைக் கழற்றிச் செருகுங்கள்.

இரண்டாவது காரணம் பழைய அனலாக் பிசிஐ கார்டுகளுக்கே உரியது. 2000-களில் மலிவு விலையில் வந்த கார்டுகள் பலவற்றில் பிடி878 அல்லது எஸ்ஏஏ7130, 7134 சிப் இருக்கும். பிரிட்ஜும் டிகோடரும் இதில் ஒன்றுதான். ஆனால் அதே சிப்போடு எந்த ட்யூனரைச் சேர்த்திருக்கிறார்கள், ஒலியை சிப்பின் எந்தக் கால் (பின்) வழியாகத் திருப்பியிருக்கிறார்கள் என்பது கார்டுக்குக் கார்டு வேறு. நல்ல கார்டுகளில் இந்த விவரம் ஈப்ராம் என்ற சின்ன நினைவகச் சிப்பில் எழுதியிருக்கும். மலிவான கார்டுகளில் அந்தச் சிப்பையே விட்டுவிடுவார்கள்.

அப்படி ஒரு கார்டைச் செருகினால் எஸ்ஏஏ7134 டிரைவர் டிமெஸ்ஜியில் எழுதுவதைப் படித்துப் பாருங்கள். வாழ்த்துகள், உங்கள் கார்டு நிறுவனம் ஒரு ஈப்ராமுக்கான சில்லறையை மிச்சம் பிடித்திருக்கிறது, அதனால் இந்தக் கார்டு எது என்று என்னால் தானாகக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பொருளில் எழுதும். இப்போது மனசு லேசாகிவிட்டது, இனி நல்ல செய்தி என்று தொடர்ந்து, தனக்குத் தெரிந்த கார்டுகளின் முழுப் பட்டியலையும் எண்ணோடு கொட்டும். 150-க்கும் மேற்பட்ட கார்டுகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. டிரைவரை எழுதியவர்கள் மட்டும் இல்லை, அந்தக் கார்டுகளை வைத்திருந்த பயனர்கள் பலரும் தாங்களே சோதித்து அனுப்பிச் சேர்த்த அறிவு அது. எனக்கு அந்தப் பட்டியல்மேல் பெரிய மரியாதை உண்டு.

நாம் செய்ய வேண்டியது, சரியான எண்ணைச் சொல்வது. கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். தகரப் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ட்யூனரின் எண் இருக்கும். எஃப்ஐ1216 என்றோ அதற்கு இணையானது என்றோ இருந்தால் ட்யூனர் எண் 5. எஃப்எம்1216எம்இ எம்கே3 என்றால் 38. கார்டு எண்ணைப் பட்டியலில் தேடிச் சோதிக்க வேண்டியதுதான். டிரைவரை 'மாட்ப்ரோப் -ஆர்' போட்டு இறக்கி, 'மாட்ப்ரோப் எஸ்ஏஏ7134 கார்டு=3 ட்யூனர்=5' என்பதுபோல எண்களைக் கொடுத்து ஏற்றிப் பாருங்கள். அந்த 3 என்பது ஃப்ளைவீடியோ 2000 என்ற கார்டு. அதன் நகல்கள் ஏராளமாக விற்றன, அதனால் ஆரம்பிக்க நல்ல எண்.

படம் வந்து ஒலி வரவில்லை என்றால் ட்யூனர் எண் சரி, கார்டு எண் தப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். ஒலியைத் திருப்பும் பின்களை முடிவு செய்வது கார்டு எண்தான். இன்னொன்றும் இருக்கலாம்: 7130 சிப்பில் ஒலியை பிசிஐ வழியே அனுப்பும் வசதியே கிடையாது. கார்டின் ஒலி வெளியீட்டிலிருந்து சவுண்ட் கார்டின் லைன்-இன் துளைக்கு ஒரு குட்டி வயர் போட வேண்டும். எத்தனை டிரைவரை மாற்றினாலும் அந்த வயர் இல்லாமல் சத்தம் வராது. சரியான எண்கள் கிடைத்ததும் ஈடிசி ஃபோல்டரில் உள்ள மாட்ப்ரோப்.டி-க்குள் ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொருமுறையும் அடிக்க வேண்டாம்.

ஆர்டிஎல்2832யு ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த மலிவான டிவி ஸ்டிக்கை ரேடியோ அலைகளை நேரடியாக அளக்கும் கருவியாகவும் பயன்படுத்தலாம் என்பது 2012-ல் தெரியவந்த பிறகு, டிவி பார்ப்பவர்களைவிட ரேடியோ ஆர்வலர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். அதற்கான ஆர்டிஎல்-எஸ்டிஆர் பேக்கேஜை நிறுவினால், டெபியன் வகை லினக்ஸ்களில் அது டிவி டிரைவரைத் தடைப்பட்டியலில் போட்டுவிடும். நேற்றுவரை டிவியாக இருந்த ஸ்டிக் இன்று டிவியாகத் தெரியவில்லை என்றால் மாட்ப்ரோப்.டி ஃபோல்டரைப் பாருங்கள்.

வாங்கும் முன்

எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கார்டு மாறும். இது பலருக்குப் பணம் வீணான பிறகுதான் தெரிகிறது.

இந்தியாவில் தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பு ஏறத்தாழ முடிந்துபோன கதை. தரைவழி டிஜிட்டலுக்கு தூர்தர்ஷன் எடுத்துக்கொண்டது டிவிபி-டி2 முறை. 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கினார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டிவிபி-டி2தான். சிங்கப்பூரில் வசந்தம் சேனலை மாடி ஆன்டெனாவோடு இலவசமாகப் பிடிக்கலாம். மேலே சொன்ன ஆர்டிஎல்2832யு ஸ்டிக் பழைய டிவிபி-டி மட்டும்தான் புரிந்துகொள்ளும். பெயரில் ஒரு 2 இல்லாததுதான் வித்தியாசம் என்று நினைத்து வாங்கினால் இந்த மூன்று நாடுகளிலும் ஒரு சேனல்கூட வராது. பண்பேற்றமும் பிழைதிருத்தமும் வேறு. மென்பொருளால் ஈடுகட்ட முடியாது.

தமிழ்நாட்டில் வீட்டில் டிஷ் இருந்தால் எளிய வழி, செயற்கைக்கோள் ஒளிபரப்புக்கான டிவிபி-எஸ்2 கார்டும் டிடி ஃப்ரீ டிஷ்ஷும். சந்தா கிடையாது. டிடி தமிழ் முதல் நிறையச் சேனல்கள் பூட்டில்லாமல் வருகின்றன. சந்தா கட்டும் டிடிஎச், கேபிள் இரண்டும் பூட்டுப் போட்டே வரும். கார்டு அந்தத் தரவை ஒழுங்காகவே பிடிக்கும், ஆனால் திறக்கும் சாவி நிறுவனத்தின் செட்டாப் பாக்ஸில் இருக்கிறது. சட்டபூர்வமாக அதைத் தாண்ட வழியில்லை, முயலவும் வேண்டாம்.

டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருக்கும் கார்டாகப் பார்த்து வாங்குங்கள். சில நிறுவனங்கள் தங்கள் டிரைவரைத் தனியாகத் தருகிறார்கள். அது நன்றாகவே ஓடும், அடுத்த கர்னல் அப்டேட் வரை. அப்புறம் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஆரம்பிக்கிறவருக்கு அந்தத் தலைவலி எதற்கு.

லாக் ஆவது என்றால் என்ன

டிஜிட்டலில் சேனல் பிடிக்கிறதா இல்லையா என்பதை ஒரே ஒரு எண் சொல்லிவிடும். சேனல்களைத் தேடும் டிவிபிவி5-ஸ்கேன், ஒரு சேனலுக்குப் போய் நிற்கும் டிவிபிவி5-ஜாப் ஆகிய கருவிகள் ஓடும்போது அந்த எண் நிலை வரியில் வந்துகொண்டிருக்கும். அது ஐந்து படிகளின் கூட்டு: ஏதோ சிக்னல் இருக்கிறது என்றால் 1, அதில் தரவைச் சுமந்துவரும் ஊர்தி அலை தெரிகிறது என்றால் 2, பிழைதிருத்தம் ஓடத் தொடங்கினால் 4, தரவின் தொடக்கப் புள்ளி கிடைத்தால் 8, எல்லாம் நிலைத்து 'லாக்' ஆனால் 16. ஐந்தும் சேர்ந்தால் 31. கருவி இதைப் பதினாறடி எண்ணாக 1எஃப் என்று காட்டும்.

இந்த எண் எங்கே நிற்கிறது என்பதுதான் துப்பு. 0-விலேயே நின்றால் வயர், ஆன்டெனா, மின்சாரம் என்று வெளியே பாருங்கள். சிக்னலும் ஊர்தி அலையும் கிடைத்து 3-ல் தடுமாறுகிறது என்றால் அலைவரிசை அநேகமாகச் சரி, ஆனால் மற்ற விவரங்கள் தப்பு அல்லது சிக்னல் பலவீனம். 31 வந்தும் படம் இல்லையென்றால் கார்டையும் ஆன்டெனாவையும் விட்டுவிடுங்கள். சேனல் பூட்டியிருக்கிறதா, பிளேயரில் டிகோடர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கத்திலேயே சிக்னல் அளவும், சி/என் என்ற இன்னோர் அளவும் வரும். நம்ப வேண்டியது இரண்டாவதை. இரைச்சலைவிட ஊர்தி அலை எவ்வளவு மேலே நிற்கிறது என்று அது சொல்கிறது. பூஸ்டர் போட்டால் சிக்னல் அளவு ஏறும், கூடவே இரைச்சலும் ஏறும். சி/என் அப்படியே இருக்கும் அல்லது குறையும். டிடி ஃப்ரீ டிஷ் மாதிரி ஒளிபரப்புக்கு 7 டெசிபல் அளவில் இருந்தாலே லாக் ஆகிவிடும், ஆனால் மழை பெய்தால் போய்விடும். அதைவிட நான்கைந்து டெசிபல் கூடுதலாக வரும்வரை டிஷ்ஷைத் திருப்புங்கள்.

டிஷ் என்றாலே கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. செயற்கைக்கோளிலிருந்து வருவது 11 கிகாஹெர்ட்ஸ் சுற்றிய அலை. அவ்வளவு உயர்ந்த அலை சாதாரண வயரில் இறங்காது. டிஷ்ஷின் முகத்தில் இருக்கும் எல்என்பி அதிலிருந்து ஒரு நிலையான எண்ணைக் கழித்துக் கீழே அனுப்புகிறது. யுனிவர்சல் எல்என்பியில் அந்த எண் கீழ்ப் பகுதிக்கு 9750, மேல்ப் பகுதிக்கு 10600. உதாரணமாக 11090 மெகாஹெர்ட்ஸ் சேனல் என்றால் 11090-லிருந்து 9750 போக, வயரில் இறங்குவது 1340. கார்டு தேடுவது இந்த 1340-ஐத்தான். எல்என்பி வகையைத் தப்பாகச் சொன்னால் கழித்தல் தப்பாகி, கார்டு வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கும். டிவிபிவி5-ஸ்கேனில் எல்என்பி வகையை யுனிவர்சல் என்று குறிப்பிட மறக்க வேண்டாம்.

எல்என்பிக்கு மின்சாரம் கொடுப்பதும் கார்டுதான், அதே வயரில். 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்து அலையையும் 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்ட அலையையும் அனுப்பும். அதனால் வயரை மாட்டும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். எஃப் கனெக்டரைச் சுற்றும்முன் வயரின் முனையைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். வெளிப் பின்னலில் இருந்து ஒரே ஓர் இழை வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், ஷார்ட் ஆகிவிடும். லாக் வராது, கார்டுக்கும் ஆபத்து.

ஸ்கேன் செய்யத் தொடக்க ஃபைல் ஒன்று வேண்டும். எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று அதில் இருக்கும். உங்கள் ஊருக்கோ செயற்கைக்கோளுக்கோ ஆயத்த ஃபைல் இல்லையென்றால் நாமே எழுதலாம், ஐந்தாறு வரிதான்: ஒளிபரப்பு முறை, அலைவரிசை, செங்குத்தா கிடைமட்டமா, சிம்பல் ரேட் (நொடிக்கு எத்தனை குறியீடு வருகிறது), பிழைதிருத்தம் ஆட்டோ. செயற்கைக்கோளுக்கு அலைவரிசையை கிலோஹெர்ட்ஸில் எழுத வேண்டும், அதாவது 11090 என்பதை 11090000 என்று. சிம்பல் ரேட் 29500 என்றால் 29500000. இந்தச் சைபர்களில்தான் பலருடைய முதல் ஸ்கேன் வெறுங்கையோடு திரும்புகிறது. தரைவழி டிவிபி-டி2 என்றால் டபிள்யூ_ஸ்கேன் என்ற கருவியிடம் நாட்டின் இரண்டெழுத்துக் குறியீட்டை மட்டும் சொன்னால் போதும், அதுவே எல்லா அலைவரிசையையும் தட்டிப் பார்க்கும்.

லாக் ஆனபின் வருவது ஒரு சேனல் மட்டும் இல்லை. ஒரே அலைவரிசையில் பல சேனல்கள், 188 பைட் கொண்ட சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கலந்து வருகின்றன. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் பிஐடி என்று ஓர் எண். தபால் ஆபீஸில் பின்கோடு பார்த்துக் கடிதம் பிரிப்பது மாதிரி, அந்த எண்ணைப் பார்த்து இது எந்தச் சேனலின் படம், எது ஒலி என்று பிரிக்கிறார்கள். அதனால் ஒரே ட்யூனரை வைத்து ஒரே அலைவரிசையில் இருக்கும் நான்கு சேனல்களை ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியும். வேறு அலைவரிசையில் இருக்கும் ஐந்தாவது சேனலுக்கு மட்டும் இன்னொரு ட்யூனர் வேண்டும்.

பார்க்க மட்டும் போதும் என்றால் கஃபீனோ விஎல்சியோ போதும். வீடு முழுக்கப் பார்க்க, நேரம் வைத்துப் பதிவு செய்ய ஆசையென்றால் டிவிஹெட்எண்ட் போடுங்கள். அது பின்னணியில் ஓடும்; பிரவுசரில் 9981 என்ற போர்ட்டில் திறந்து அமைக்கலாம்; ஃபோனிலும், 'கோடி' என்ற மீடியா பிளேயர் வைத்த டிவியிலும் அதே சேனல்கள் வரும். ஆனால் டிவிபிவி5-ஜாப்பில் 31 பார்த்த பிறகு அதைத் தொடுங்கள். ஒரே ட்யூனரை இரண்டு புரோகிராம் ஒரே சமயத்தில் பிடிக்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். டிவிஹெட்எண்ட் ஓடும்போது ஸ்கேன் போட்டால் 'பிஸி' என்று வரும். அதைக் கார்டு பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அனலாக் கார்டைத் தூக்கிப் போடாதீர்கள்

பிடிக்க அனலாக் சேனல் இல்லாவிட்டாலும் அந்தப் பழைய பிசிஐ கார்டில் மஞ்சள் நிற வீடியோ துளை இருக்கிறது. வீட்டு அலமாரியில் கல்யாண வீடியோ விஎச்எஸ் கேசட்டாக இருந்தால், அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர இந்தக் கார்டு இன்றும் அருமையான கருவி. விசிஆர்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருக்கின்றன, டேப்பும் வயதாகிறது. இதை ஒத்திப்போடாமல் செய்துவிடச் சொல்வேன்.

இதற்கு ட்யூனர் எண்கூடச் சரியாக இருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் தகரப் பெட்டி வழியாக எதுவும் வரப்போவதில்லை. 'வி4எல்2-சிடிஎல் --லிஸ்ட்-இன்புட்ஸ்' என்று கேட்டால் எத்தனை உள்ளீடு, எதன் பெயர் காம்போசிட் என்று சொல்லும். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து, டிவி முறையை 'பால்' (பி, ஏ, எல்) என்று வையுங்கள். நம் ஊர்க் கேசட்டுகள் பெரும்பாலும் பால் முறையில் பதிவானவை: 625 வரி, நொடிக்கு 25 படம். என்டிஎஸ்சி என்று இருந்துவிட்டால் படம் கறுப்புவெள்ளையாகவோ உருண்டுகொண்டோ வரும்.

பதிவுக்கு எஃப்எஃப்எம்பெக் என்ற புரோகிராம். 720 க்கு 576 அளவில் அப்படியே பிடித்தால் நொடிக்கு ஏறத்தாழ 20.7 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி. எஃப்எஃப்வி1 என்ற இழப்பில்லாத முறையில் சுருக்கினால் பாதிக்கும் கீழே வரும், தரம் கொஞ்சமும் குறையாது. முதல் பதிவை இந்த முறையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் அனுப்ப, டிவியில் போட, வரிகளைச் சேர்த்துச் சீராக்கிய சின்ன எச்.264 ஃபைலை அதிலிருந்து அப்புறம் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒலிக்கு விசிஆரின் வெள்ளை, சிவப்பு வயர்களை நேராக சவுண்ட் கார்டின் லைன்-இன்னில் கொடுங்கள். முழுக் கேசட்டையும் ஓடவிடும்முன் ஒரு பத்து நிமிடம் பதிவு செய்து, கடைசி நிமிடத்தில் உதடும் பேச்சும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் எஃப்எஃப்எம்பெக்கின் ஒலி ஃபில்டர்களில் 'ஏரீசாம்பிள்' என்பதில் 'அசிங்க்' விருப்பத்தைச் சேர்த்து, மறுபடி பத்து நிமிடம் எடுத்துப் பாருங்கள்.